வெட்டும் முன் நனைப்பது: ஒரு கேள்வியும் முடியாமல் நீண்ட பதிலும்

கேள்வி, கடலூர் வாசகி, 08.06.2024

குறிஞ்சிப்பாடியில் தறிக்காரரிடமே 5 மீட்டர் கட்டம்போட்ட பருத்தித் துணி வாங்கினேன். அப்பாவுக்கு ஒரு சட்டையும் எனக்கு ஒரு குர்த்தாவும் தைக்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்கு வழக்கமாகத் தைப்பவர், நனைக்க வேண்டாம், நனைத்தால் கஞ்சி போய்த் துணி தொய்ந்துவிடும், வெட்டுகையில் கோடு நிற்காது என்கிறார். அம்மாவோ வாளித் தண்ணீரோடு நிற்கிறார். இந்தக் காலத்தில் துணிகள் சுருங்காதபடிதானே வருகின்றன? நனைப்பது பழைய பழக்கத்தின் மிச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

08.06.2024, இரவு

நனையுங்கள். எந்தத் துணியாக இருந்தாலும் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கத்தரிக்கோல் படலாம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே தைக்கிறேன். இந்த விதிக்கு விலக்கு ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

10.06.2024

மேலே எழுதியது உத்தரவு போல இருக்கிறது என்று ஒருவர் வருத்தப்பட்டதால் காரணத்தையும் எழுதுகிறேன்.

தறியில் பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், இறுக்கமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பகுதித் தெருக்களில் விடியற்காலையில் பாவை நீளமாக விரித்து, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அந்தக் கஞ்சியும் அந்த இழுப்பும் நெய்து முடித்த துணியிலும் அப்படியே தங்கியிருக்கும். தண்ணீர் பட்டதும் பருத்தி இழை பருக்கிறது. குறுக்கே ஓடும் பருத்த ஊடை நூலைச் சுற்றி வளைந்து செல்வதற்குப் பாவு நூலுக்குக் கூடுதல் நீளம் தேவைப்படுகிறது. அந்த நீளத்தைத் துணியிலிருந்துதான் அது எடுத்துக்கொள்ள முடியும். ஆகவே துணி நீளவாக்கில் அதிகமாகவும் அகலவாக்கில் குறைவாகவும் சுருங்கும். நனைக்காமல் தைத்த சட்டை இரண்டாம் சலவைக்குப் பிறகு வயிற்றில் சரியாக இருந்து உயரத்தில் மட்டும் ஏறிப்போவது இதனால்தான்.

"சுருங்காதபடி வருகிறது" என்று நீங்கள் சொல்வது ஆலைத் துணிக்குப் பெரும்பாலும் பொருந்தும். என் தாத்தா இங்கே ஓர் ஆலையின் முடிப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். துணியை ஈரமாக்கி, தடித்த ரப்பர்ப் பட்டையில் வைத்து, நீளவாக்கில் முன்கூட்டியே நெருக்கிச் சுருக்கிவிடும் இயந்திரத்தைப் பற்றி அவர் கதையாகச் சொல்வார். அமெரிக்கரான சான்ஃபோர்டு கிளூயெட் 1930ஆம் ஆண்டு வாக்கில் காப்புரிமை பெற்ற முறை அது; துணிக் கரையில் "சான்ஃபரைஸ்டு" என்று முத்திரை இருந்தால் அதற்கு மேல் சுருங்குவது நூற்றுக்கு ஒன்றுக்குள்தான் இருக்கும் என்று பொருள். புதுச்சேரியின் பெரிய பஞ்சாலைகள் எல்லாம் இன்று மூடிக் கிடக்கின்றன என்பது வேறு வருத்தம். உங்கள் துணி தறியிலிருந்து நேரே வந்தது. அதை எந்த இயந்திரமும் நெருக்கவில்லை.

செய்முறை: துணியை நான்காக மடித்து, அகன்ற பாத்திரத்தில் சாதாரணத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். ஒரு கை கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும். முறுக்கிப் பிழியாமல் கையால் அழுத்தி நீரை வடித்து, நிழலில் கொடியின் குறுக்கே கரைகள் நேராக இருக்கும்படி போட்டு, அரை ஈரமாக இருக்கும்போதே பாவின் போக்கில் இஸ்திரி போடுங்கள்.

12.06.2024

தையற்காரர் சொன்னதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். கஞ்சி போன கைத்தறித் துணி மேசை மேல் நெளியும் என்பது உண்மை. அவருக்கு வெட்டும் நேரத்துக் கவலை, அம்மாவுக்குத் துவைத்த பிறகான கவலை.

16.06.2024, ஞாயிறு

காலையில் ஞாயிற்றுச் சந்தையில் நான்கு விதத் துண்டுத் துணிகள் வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் 50 செ.மீ. சதுரத்தை நூலால் ஓட்டித் தைத்து அடையாளமிட்டு ஊறவைத்தேன். சாக்குக்கட்டிக் கோடு தண்ணீரில் போய்விடும் என்பதால்தான் நூல். மாலையில் அளந்தபோது பாவின் போக்கில் கைத்தறித் துண்டு 47.5 ஆகவும், மெல்லிய மல் துணி 48 ஆகவும், ஆலைப் பாப்ளின் 49.5 ஆகவும் இருந்தன. பள்ளிச் சீருடைக்கு எடுக்கும் டெரிகாட்டன் அசையவே இல்லை. ஊடையின் போக்கில் கைத்தறிகூட அரை செ.மீ.தான் குறைந்தது.

75 செ.மீ. உயரச் சட்டைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் போய்விடும். டெரிகாட்டனை ஊறவைத்து வீணாக்கிய தண்ணீருக்கு மட்டும் நான் வருந்துகிறேன்.

02.07.2024

முதல் குறிப்பில் விலக்கே இல்லை என்று எழுதியிருந்தேன். அதை விழுங்க வேண்டியிருக்கிறது.

"அப்படியானால் கிரேப் பட்டையும் ஊறவைக்கலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதைப் படித்ததும் ஒன்பது ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா பிரான்சிலிருந்து வந்த மகளுக்குச் சுடிதார் தைப்பதற்காக 3 மீட்டர் கிரேப் பட்டு கொடுத்திருந்தார். என் விதிப்படி நான் அதை ஊறவைத்தேன். கிரேப் நூல் அளவுக்கு மீறி முறுக்கப்பட்டது. ஈரம் பட்டதும் அந்த முறுக்கு விடுபட முயன்று துணியையே இழுத்துச் சுருட்டிக்கொள்ளும். உலர்ந்தபோது துணி இரண்டே முக்கால் மீட்டர்கூட இல்லை. அதன் வழவழப்பு போய்ப் பரு பருவாகப் பொரிந்து நின்றது. ஆவி காட்டியும் ஈரத்துணி போட்டுத் தேய்த்தும் பாதிதான் திரும்பியது. கைநீளத்தை முக்கால் கையாகக் குறைத்து, அதுவே புது மோஸ்தர் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். அக்கா இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

ஆகவே திருத்தம் இதுதான். துவைக்கப்போகும் துணியை, துவைக்கப்போகும் விதத்தில், வெட்டும் முன் ஒருமுறை துவைத்துவிட வேண்டும். உலர் சலவைக்கு மட்டுமே போகப்போகும் பட்டையும் ஜரிகையையும் வெல்வெட்டையும் தண்ணீரில் போடக் கூடாது. இயந்திரத்தில் துவைக்கப்போகும் துணியைக் கையால் மெதுவாக அலசி எடுத்துவிட்டு, சுருக்கம் முடிந்தது என்று நினைப்பதும் ஏமாற்றம்தான்.

03.07.2024

மேலே சொன்னதற்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது: லைனிங்.

பட்டு ரவிக்கையின் மேல்துணி தண்ணீர் காணாது. உள்ளே வைக்கும் பருத்தி லைனிங் மட்டும் வியர்வையையும் என்றோ ஒருநாள் கைச்சலவையையும் கண்டே தீரும். லைனிங்கை நனைக்காமல் சேர்த்துத் தைத்தால் அது உள்ளே சுருங்கி, வெளியே பட்டு கொப்பளம் கொப்பளமாக எழும்பும். நாத்தனார் மகளின் நிச்சயதார்த்த ரவிக்கையில் அக்குள் ஓரம் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. அவசரத்தில் கடையிலிருந்து வந்த லைனிங்கை அப்படியே வெட்டியிருந்தேன். அதன் பிறகு லைனிங்கை மட்டும் மூன்று நான்கு மீட்டராக வாங்கி, நனைத்து உலர்த்தி, அலமாரியில் தயாராக வைத்திருக்கிறேன்.

ரவிக்கைக்கு "டூ பை டூ" எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். பாவிலும் ஊடையிலும் இரட்டை நூலை முறுக்கி நெய்தது என்பதே அந்தப் பெயரின் பொருள். நூல் வலுவாக இருக்கும் என்பதால் சுருங்காது என்று நினைக்க வேண்டாம், அதுவும் பருத்திதான்.

21.07.2024

ஊசியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஜார்ஜெட்டுக்கும் மெல்லிய பட்டுக்கும் 9 அல்லது 11, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் துணிக்கு 16. பனியன் துணிக்கு முனை மழுங்கிய உருண்டை முனை ஊசி வேண்டும். கூர் ஊசி அதன் கண்ணிகளை அறுத்துவிடும், துவைத்த பிறகுதான் ஓட்டை தெரியும். தையல் விட்டு விட்டு விழுந்தால் எல்லோரும் இயந்திரத்தைத் திட்டுகிறார்கள். முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள். கடற்காற்று வீசும் ஊரில் பெட்டியில் கிடக்கும் ஊசியும் குண்டூசியும் துருப்பிடித்து, வெள்ளைத் துணியில் பழுப்புப் புள்ளியை வைத்துவிடும். பருத்தியாக இருந்தால் அந்தப் புள்ளி எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்தால் போகும். பட்டில் இதைச் செய்ய வேண்டாம்.

22.07.2024

ஜார்ஜெட் வழுக்கிக்கொண்டு போகிறது என்பவர்கள் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, தாளையும் துணியையும் சேர்த்தே வெட்டுங்கள். தைக்கும்போதும் ஒரு தாள் பட்டையை அடியில் வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்து எடுக்கலாம். அச்சு மை ஒட்டும் வெளிர் நிறங்களுக்கு எழுதாத தாள் நல்லது.

இதைப் படித்துவிட்டு என் மகன், "துணிக் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டினால் கையை உடைப்பேன் என்று சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் வெட்டலாமா?" என்று கேட்டான். இதற்கென்று ஒரு பழைய கத்தரிக்கோல் தனியாக இருக்கிறது என்று சமாளித்தேன். அப்படி ஒன்று இல்லை. சாணை பிடிப்பவர் மாதம் ஒருமுறை சைக்கிளில் வருகிறார். குற்றம் அவரோடு போய்விடுகிறது.

11.08.2024

பிசிர் வெளியே தெரியாமல் மெல்லிய துணியை மூட்டும் முறையை நாம் பிரெஞ்சுத் தையல் என்கிறோம். முதலில் துணியின் உட்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, வெளிப்பக்கமாகவே கால் அங்குலத்தில் ஒரு தையல். பிசிரைப் பாதியாக நறுக்கிவிட்டு, துணியைத் திருப்பி, முதல் தையலை உள்ளே மூடியபடி இன்னொரு தையல். ஓவர்லாக் இயந்திரம் இல்லாத வீட்டில் மல்லுக்கும் ஜார்ஜெட்டுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. கழுத்துக்கும் கைக்குழிக்கும் மட்டும் வளைவு இழுக்கும் என்பதால் நான் இதைத் தவிர்ப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சு மொழியில் இதன் பெயர் "கூத்யூர் ஆங்லேஸ்", அதாவது ஆங்கிலத் தையல். கடலூரின் கோட்டையை 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1761இல் புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். எதையும் விட்டுக்கொடுக்காத இரு தரப்பும் இந்த ஒரு தையலை மட்டும் மாறி மாறி அடுத்தவர் தலையில் கட்டியிருக்கின்றன.

12.08.2024

கடலூர் வாசகிக்கு: அந்தத் துணியை வெட்டியாயிற்றா?

14.08.2024

வெட்டவில்லையாம். அம்மாவும் தையற்காரரும் சமாதானமாகும் வரை துணி அலமாரியிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறாராம்.

19.09.2024

ஜூன் 10ஆம் தேதிக் குறிப்பில் கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று எழுதியிருந்தேன். என் அம்மா சொன்னார், அவருக்கு அவருடைய அம்மா சொன்னார், நான் உங்களுக்குச் சொல்லிவிட்டேன். சாயப்பட்டறையில் வேலை செய்த ஒரு பெரியவர் அதைத் தவறு என்று சுட்டிக்காட்டியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி.

உப்புக்கு வேலை இருப்பது சாயத்தொட்டியில். அங்கே சாயம் நீரை விட்டு இழையை நோக்கிப் போக அது உதவுகிறது. சாயமிட்டு முடிந்த துணியில் ஒட்டாமல் தங்கியிருக்கும் மிச்சச் சாயத்தை, நம் வீட்டு வாளியில் போடும் ஒரு கை உப்பு இழையோடு பிணைத்துவிடாது. போக வேண்டிய சாயம் போயே தீரும். தண்ணீர் தெளியும் வரை தனியாக அலசுவதே உண்மையான மருந்து. வெட்டும் முன் நனைப்பதன் இன்னொரு நன்மையும் இதுதான். சிவப்புக் கட்டத்தின் சாயம் இறங்கும் என்பது வெள்ளைக் காலர் வைத்துத் தைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அவுரி நீலம் இதிலும் வேறு குணம். அது தண்ணீரில் கரையாத சாயம். இழையின் மேற்புறத்தில் படிந்து நிற்பது. அதனால்தான் துவைத்த பின்னும் உராய்வில் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு காலத்தில் புதுச்சேரியிலிருந்து "கினே" என்ற அவுரி நீலத் துணி கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குப் போயிற்று. அங்கே கருவேலம் பிசினுக்கு மாற்றாக ஏறத்தாழ நாணயம் போலவே அது புழங்கிற்று. நம் ஊரில் வெள்ளைச் சோபாவில் அவுரிப் பாவாடையோடு உட்கார்ந்து எழுந்தால் என்ன ஆகும் என்பதை என் தங்கையிடம் கேளுங்கள்.

06.10.2024

ரேயான். இதைப் பருத்தி என்று சொல்லி விற்கிறார்கள், நாமும் பருத்தி என்று நினைத்துத் துவைக்கிறோம். பருத்தி ஈரத்தில் இன்னும் வலுவாகும். ரேயான் ஈரத்தில் தன் வலுவில் பாதியை இழந்துவிடும். ஈரமான ரேயான் குர்த்தாவை முறுக்கிப் பிழிவதும் தோளைப் பிடித்துத் தொங்கவிடுவதும் அதற்குச் செய்யும் கொடுமை. முன்நனைப்பு இதற்குக் கட்டாயம் தேவை, ஆனால் உலர்த்துவது கொடியின் மேல் மடித்துப் போட்டுத்தான். எது என்று சந்தேகம் வந்தால் கரையிலிருந்து ஒரு நூலை எரித்துப் பாருங்கள் என்பார்கள். அது பட்டையும் பாலியெஸ்டரையும் பிரித்துச் சொல்லும்: பட்டு, முடி கருகும் வாசனையோடு எரிந்து நொறுங்கும் கரியாகும், பாலியெஸ்டர் உருகி, விரலால் நசுக்க முடியாத மணியாகும். ரேயானும் பருத்தியும் இரண்டுமே காகிதம் போலத்தான் எரியும். ஆகவே இங்கே தீக்குச்சியால் பயன் இல்லை. நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள். சட்டென்று அறுந்தால் பெரும்பாலும் ரேயான்.

அம்ப்ரெல்லா பாவாடையில் கீழ்விளிம்பு மேடும் பள்ளமுமாக இறங்குகிறது என்றவருக்கும் இங்கேயே பதில். துணி மூலைவாட்டான சாய்வுப் போக்கில் வருமிடத்தில் தன் எடையால் நீளும். இடுப்பைத் தைத்து முடித்து ஓர் இரவும் பகலும் தொங்கவிட்டு, பிறகு தரையிலிருந்து அளந்து விளிம்பை வெட்டி மடியுங்கள். ரேயானாக இருந்தால் இரண்டு நாள்.

05.12.2024

மின்சாரம் நேற்றுதான் வந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. இயந்திரத்தைக் கட்டிலின் மேல் ஏற்றிவிட்டோம். அலமாரியின் கீழ்த்தட்டு தப்பவில்லை.

மூன்று நாள் ஈரத்தில் கிடந்தவற்றில் கஞ்சி போட்டு மடித்த வேட்டிகளும் சேலைகளும்தான் முதலில் பூஞ்சை பிடித்தன. கஞ்சி அதற்கு உணவு. ராமபாணப் பூச்சிக்கும் அதுவே உணவு. மழைக்காலத்துக்கு முன் கஞ்சியை அலசிவிட்டு மடிக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் நினைக்கிறேன். பூஞ்சையை வீட்டுக்கு வெளியே வைத்து உதறித் துலக்கிவிட்டு, பருத்தியைத் துவைத்து நல்ல வெயிலிலும், பட்டை நிழலில் காற்றிலும் போட்டிருக்கிறேன். வெள்ளைப் பருத்தியில் மீந்த கறைக்கு மட்டும் பிளீச்சிங் கரைசல். பட்டும் கம்பளியும் அந்தக் கரைசலில் கறையோடு சேர்ந்து தாமும் கரைந்துபோகும் என்பதால் தயவுசெய்து அவற்றில் தொட வேண்டாம். ஜரிகைச் சேலைகளைப் பழைய மல் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்திருந்தேன், அவை பிழைத்தன. பாச்சை உருண்டை ஜரிகையைத் தொட்டால் கறுத்துவிடும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

09.12.2024

கடலூர் வாசகி எழுதியிருக்கிறார். சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்தபோது அவர்கள் வீடு ஒன்றரை நாள் தண்ணீருக்குள் இருந்ததாம். எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். அலமாரியில் சமாதானத்துக்காகக் காத்திருந்த அந்த 5 மீட்டரைப் பெண்ணையாறே ஊறவைத்துவிட்டது.

அவர் கேட்டது வண்டல் கறையைப் பற்றி. துணி ஈரமாக இருக்கும்போதே, சோப்பு போடாமல், வெந்நீரும் இல்லாமல், குளிர்ந்த நீரில் மண் இறங்கும் வரை மாற்றி மாற்றி அலச வேண்டும். மண்ணோடு நேரே சலவை இயந்திரத்தில் போட்டால் அது உப்புத்தாள் போல இழையைத் தேய்க்கும். மண் முழுவதும் போன பிறகே சோப்பு. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து துணியிலேயே ஒட்டும் என்பதால், குழாய்த் தண்ணீர் வரும்வரை சோப்பைத் தள்ளி வைத்தாலும் தவறில்லை.

24.12.2024

கறை ஏறத்தாழப் போய்விட்டது. கரையோரம் தேநீர்க் கறை போல ஒரு நிழல் மட்டும் இருக்கிறது. துணியை அளந்து பார்த்தால் 4 மீட்டர் 77 செ.மீ. இருக்கிறதாம். என் ஞாயிற்றுச் சந்தைத் துண்டு சொன்ன கணக்குக்கு இரண்டு செ.மீ.தான் வித்தியாசம்.

19.01.2025

பொங்கலுக்குத் தைத்தாகிவிட்டது என்று படம் அனுப்பியிருக்கிறார். தையற்காரரும் தம் பேச்சை விட்டுக்கொடுக்கவில்லை. வெட்டுவதற்கு முதல் நாள் அரிசிக் கஞ்சியை நீர்க்கக் கரைத்து, துணியைத் தோய்த்து, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டுக் கொண்டுவரச் சொன்னாராம். அம்மாவின் தண்ணீரும் அவருடைய கஞ்சியும் ஒரே துணியில் சேர்ந்துவிட்டன. கோடு நன்றாகவே நின்றிருக்கிறது; தோள் மூட்டில் கட்டங்கள் நூல் பிசகாமல் பொருந்தியிருக்கின்றன.

அப்பாவின் சட்டைப் பையில் மட்டும் பொருந்தவில்லை. குறைந்துபோன 23 செ.மீ.யால் பைக்கு நீளவாக்கில் துணி போதாமல், மிச்சத் துண்டைக் குறுக்காகத் திருப்பி வெட்டியிருக்கிறார்கள். தறியில் சரிசமமாக இருந்த சதுரக் கட்டம், பாவில் அதிகமும் ஊடையில் கொஞ்சமும் சுருங்கியதால், இப்போது கண்ணுக்குப் புலப்படாத அளவு மட்டும் குட்டையான கட்டம். திருப்பி வைத்தால் அது நெட்டைக் கட்டம். பையின் மேல்விளிம்பில் கோடுகள் சரியாக ஆரம்பித்து, அடிவிளிம்புக்கு வருவதற்குள் அரை செ.மீ. தள்ளிப்போய்விட்டன. அப்பா அந்த இடத்தில் எப்போதும் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்திருப்பார் என்பதால் யாரும் கவனிக்கவில்லையாம்.

20.01.2025

பையை நேராக வெட்டக் காலர் அடித்துண்டில் இடம் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. மிச்சத் துண்டுகளின் படத்தையும் அனுப்புங்கள்.